தட்டு உங்களிடம், பாட்டு ஊரிடம்

பழைய தமிழ் இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருக்கும் அன்பர்களுக்கு,

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் மலை சுற்ற வருகிறீர்கள். பதினான்கு கிலோமீட்டர் நடந்த கால் ஓய எங்கள் கடையில் வந்து உட்காருகிறீர்கள். அப்பா காலத்திலிருந்தே மைக்செட் கடை. பழைய ரெக்கார்டுகளும் பிளேயரும் இன்னும் இருக்கின்றன என்பதால் உங்களுக்கு இங்கே பேச்சு நீளும். அந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து முடிகிறது. “ரீமாஸ்டர் எல்லாம் ஏமாத்து வேலைங்க. ஒரிஜினல் பிரஸ்ஸிங்ல கேக்கலைன்னா அந்தப் பாட்டைக் கேக்கவே இல்லைன்னு அர்த்தம்.” சென்னை அன்பரும் இதைத்தான் சொல்கிறார், கோயம்புத்தூர் அன்பரும் இதைத்தான் சொல்கிறார். இதற்கு நான் உடன்படவில்லை. ஏன் என்று எழுதுகிறேன். முடிவில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன். அதுவரை பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் கோபத்தில் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1964இல் வந்த ‘அருணகிரிநாதர்’ படத்தில் டி.எம்.சௌந்தரராஜன் நடித்துப் பாடிய திருப்புகழ் இல்லாமல் இந்த ஊரில் ஒரு விழாவும் தொடங்குவதில்லை. திருப்புகழின் முதல் பாட்டு இந்தக் கோயிலில் பிறந்தது என்பது ஊர் நம்பிக்கை. அந்தப் பாட்டின் உயிர் வல்லின எழுத்துகளில் இருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாக வந்து மோதும் அந்த எழுத்துகளை டி.எம்.எஸ். ஒவ்வொன்றாக உடைத்து வீசுகிறார். நடுவே கிடைக்கும் ஒரு நூல் இடைவெளியில் மூச்சு இழுக்கிறார். தட்டில் அந்த மூச்சு கேட்கிறது. ‘டிஜிட்டல் ரீமாஸ்டர்’ என்று போட்டு போனில் சுற்றும் ஒரு பதிப்பை அதே ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன். மூச்சைக் காணோம். இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளை அளவுக்கு மீறி ஓட்டியிருக்கிறார்கள். தட்டின் கரகரப்பும் வல்லினத்தின் வெடிப்பும் ஒலியில் ஏறக்குறைய ஒரே பகுதியில் கிடப்பவை. கரகரப்பை வழித்து எடுத்தபோது எழுத்தின் கூரும் கூடவே போய்விட்டது. போதாக்குறைக்கு, பக்திப் பாட்டு கோயிலுக்குள் பாடியது போல இருக்கட்டும் என்று எக்கோ வேறு ஏற்றியிருக்கிறார்கள். டி.எம்.எஸ். குரலுக்கு யாருடைய எக்கோவும் தேவைப்பட்டதில்லை.

சத்தத்தை ஏற்றும் நோயும் உண்டு. மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே மட்டத்துக்கு அடித்து நிமிர்த்தினால் போன் ஸ்பீக்கரில் எடுப்பாகக் கேட்கும், பத்து நிமிடத்தில் காது களைத்துப்போகும். உலகம் முழுக்க இந்தச் சண்டை நடந்திருக்கிறது. மெட்டாலிகா என்ற ராக் இசைக்குழு 2008இல் ‘டெத் மேக்னடிக்’ ஆல்பத்தை வெளியிட்டபோது, அதே பாட்டுகள் ஒரு வீடியோ கேமில் இதைவிடத் தெளிவாக இருப்பதை ரசிகர்களே கண்டுபிடித்து, மறுபடி கலந்து தரச் சொல்லிக் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். நம் பாட்டுகளுக்கு அப்படி யாரும் கையெழுத்துப் போட்டதாக நான் அறியவில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேகம். டி.என்.ராஜரத்தினம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் சுருதியில் கீச்சென்று ஒலித்த திமிரி நாயனத்தை விட்டுவிட்டு, நீளம் கூடிய பாரி நாயனத்துக்கு மாறி, இரண்டு கட்டையை ஒட்டிய கீழ்ச் சுருதியை நாகஸ்வரத்துக்குக் கொண்டுவந்து நிலைக்கச் செய்தவர் அவர். அந்தக் காலத்து 78 தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. ஒரு தட்டுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் இருக்கும். அதைப் பார்க்காமல் பிளேயரில் வைத்து அப்படியே பதிந்து விடுகிறார்கள். ஆறு சதவீதம் வேகம் கூடினால் அரைக் கட்டை ஏறிவிடும். பிள்ளையவர்கள் எந்தச் சுருதியிலிருந்து நாகஸ்வரத்தை இறக்கிக் கொண்டுவந்தாரோ, அதே பக்கம் அவரைத் திரும்பத் தள்ளிவிடுகிறோம். அவர் 1956இல் காலமாகிவிட்டார். திருத்தச் சொல்ல அவர் இல்லை. அவர் வாசித்த தோடி ராகத்தைக் கேட்டு வாசிப்புப் பழகும் பிள்ளைகளுக்கு, கேட்பது தவறான சுருதி என்று எப்படித் தெரியும்?

ஆக, மோசமான ரீமாஸ்டர் தீங்கு என்பதில் உங்களுக்கும் எனக்கும் பேதம் இல்லை. ஆனால் இதிலிருந்து நீங்கள் போகும் முடிவு இருக்கிறதே, அதுதான் தவறு. ரீமாஸ்டர் கெட்டுக் கிடக்கிறது, ஆகவே ரீமாஸ்டரே வேண்டாம், தட்டு இருக்கிறவன் தட்டில் கேட்டுக்கொள்ளட்டும் என்கிறீர்கள். தட்டு இருக்கிறவர் எத்தனை பேர்?

கிரிவலப் பாதையில் இந்திர லிங்கத்திலிருந்து ஈசான்ய லிங்கம் வரை கடைக்குக் கடை பாட்டு ஓடுகிறது. முன்பு கேசட், பிறகு சி.டி., இப்போது பென் டிரைவ். ஒரு பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கான பேர் அந்த வழியே நடக்கிறார்கள். அவர்கள் காதில் விழும் டி.எம்.எஸ்.தான் அவர்களுக்கு டி.எம்.எஸ். அப்பாவின் கையைப் பிடித்து நடந்துவரும் ஒரு பிள்ளை முதன்முதலாகக் கேட்கும் சீர்காழி கோவிந்தராஜன் அந்தப் பென் டிரைவில் இருப்பவர்தான். உங்கள் வீட்டு மாடியில் உறை கலையாமல் இருக்கும் முதல் பிரஸ்ஸிங்கை அந்தப் பிள்ளை ஒருநாளும் கேட்கப் போவதில்லை. மறுபதிப்பு எப்படி இருக்கிறதோ அப்படித்தான் ஊருக்குப் பாட்டு இருக்கும். மறுபதிப்பு முக்கியமா என்று கேட்டால், தட்டு வைத்திருக்கிற உங்களுக்கு ஒருவேளை முக்கியமில்லாமல் இருக்கலாம். தட்டு இல்லாத அத்தனை பேருக்கும் இருப்பது அது ஒன்றுதான்.

இன்னொன்று சொன்னால் உங்களுக்கு வலிக்கும். தட்டு தெய்வம் இல்லை. நாம் கொண்டாடும் ஈ.பி.க்களை எடுங்கள். 45 சுற்றில், ஒரு பக்கத்துக்கு இரண்டு பாட்டு என்று திணித்துவைத்த தட்டுகள் எத்தனை! இடம் போதாமல் சத்தத்தைக் குறைத்து வெட்டியிருப்பார்கள். ஊசி பள்ளத்தை விட்டுத் துள்ளாமல் இருக்க பேஸ் ஒலியை ஒடுக்கியிருப்பார்கள். இரண்டாவது பாட்டு லேபிளை நெருங்க நெருங்க, பாடகி ஜானகி அம்மா ‘ச’ சொல்லும் இடமெல்லாம் கிழியும். இத்தனையும் தாண்டித்தான் நாம் நேசித்தோம், சரி. ஆனால் ஸ்டுடியோவில் ஓடிய மாஸ்டர் டேப்பில் இந்த ஊனம் எதுவும் கிடையாது. இளையராஜாவின் எண்பதுகளின் தொடக்கத்துப் பாட்டுகளில், ‘மூடுபனி’, ‘நிழல்கள்’, ‘பன்னீர் புஷ்பங்கள்’ போன்ற படங்களில், பேஸ் கிடார் பாட்டுக்கு அடியில் தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு நடக்கும். ஈ.பி.யில் அது இருக்கிறது என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். டேப்பிலிருந்து ஒழுங்காக எடுத்த பதிப்பு ஒன்று வந்தால் அது முதல் முறையாக முழுதாகக் கேட்கும். தமிழ்ப் படப் பாட்டில் ஸ்டீரியோவுக்கு முன்னோடி என்று எல்லாரும் சொல்லும் ‘பிரியா’ 1978இல் வந்தது. அதை ஊரில் பெரும்பாலோர் ஒற்றை ஸ்பீக்கரில்தான் கேட்டார்கள்.

பீட்டில்ஸ் குழுவின் பதிவுகளுக்கு இதுதான் நடந்தது. 1987இல் அவர்கள் ஆல்பங்கள் சி.டி.யாக வந்தன. அந்தச் சி.டி.க்கள் மெலிந்து ஒலிக்கின்றன என்று இருபது வருடத்துக்கு மேல் ரசிகர்கள் புலம்பினார்கள். அபே ரோடு ஸ்டுடியோவின் பொறியாளர்கள் மூல நாடாக்களை எடுத்துவைத்து நான்கு வருடம் உழைத்து, 2009 செப்டம்பர் 9இல் முழுத் தொகுதியையும் மறுபடி வெளியிட்டார்கள். ஸ்டீரியோவில் ஒரு பெட்டி, மோனோ வேண்டும் என்பவர்களுக்குத் தனியாக ஒரு பெட்டி. 2022இல் ‘ரிவால்வர்’ ஆல்பத்தில் இன்னும் ஒரு படி போனார்கள். ஒரே தடத்தில் கலந்து கிடந்த டிரம்மையும் கிடாரையும் கணினியைக் கொண்டு பிரித்து எடுத்துப் புதிதாகக் கலந்தார்கள். அதை ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் பழையதும் அழியாமல் இருக்கிறது, புதியதும் இருக்கிறது, எது எதிலிருந்து வந்தது என்றும் எழுதியிருக்கிறது. நம் ஊரிலும் இந்தப் பசி இல்லாமல் இல்லை. 2012 மார்ச்சில் ‘கர்ணன்’ படத்தைச் சீர்செய்து தியேட்டரில் விட்டார்கள், நூறு நாள் தாண்டி ஓடியது. விஸ்வநாதன் ராமமூர்த்தியின் இசையைப் பெரிய ஸ்பீக்கரில் கேட்க ஜனம் வரிசையில் நின்றது.

சரி, டேப்பிலிருந்து எடுக்கட்டுமே, எங்களை ஏன் இழுக்கிறாய் என்பீர்கள். டேப் எங்கே இருக்கிறது? நாடாவில் காந்தத் துகளைப் பிடித்துவைக்கும் பசை, ஈரத்தை உறிஞ்சி இளகிவிடும். ஓட்டினால் கிறீச்சிடும். பழுப்பு நிறத்தில் உரிந்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும். அப்படிப்பட்ட நாடாவை ஐம்பது டிகிரிச் சூட்டில் மணிக்கணக்காக வாட்டிப் பசையை இறுகவைத்து, அந்த இறுக்கம் தளர்வதற்குள் ஓட்டிப் பதிய வேண்டும். சென்னை வெக்கையிலும் ஈரத்திலும் ஏ.சி. இல்லாத அறையில் நாற்பது ஐம்பது வருடம் கிடந்த நாடாவின் கதியை நீங்களே யோசியுங்கள். வசதி படைத்தவர்களிடமும் இதுதான் நிலைமை. 2008 ஜூன் 1இல் ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகத்தில் தீப்பிடித்தபோது மாஸ்டர் டேப் கிடங்கு எரிந்தது. அந்த இழப்பு எவ்வளவு பெரியது என்று வெளியுலகம் தெரிந்துகொள்ளப் பதினொரு வருடம் ஆயிற்று. ராஜரத்தினம் பிள்ளை காலத்துத் தட்டுகளுக்கோ பெரும்பாலும் டேப்பே கிடையாது. மெழுகில் வெட்டி, உலோக அச்செடுத்து, அரக்கில் அடித்தார்கள். அச்சு போனால் மிஞ்சுவது தட்டு மட்டும்.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். டேப் இல்லாத பாட்டுக்கு உங்கள் அலமாரியில் இருக்கும் தட்டுதான் மாஸ்டர். ரீமாஸ்டர் மோசம் என்று சொல்லும் உங்களிடம்தான் நல்ல ரீமாஸ்டருக்கான மூலம் இருக்கிறது. தேய்ந்த கேசட்டிலிருந்து எடுத்து, எக்கோ ஊற்றி, ‘ரீமாஸ்டர்’ என்று விற்கிறார்கள் என்று குற்றம் சொல்கிறீர்கள். நல்ல தட்டை வைத்துக்கொண்டு நீங்கள் கொடுக்காதபோது அவர்கள் தேய்ந்த கேசட்டுக்குத்தான் போவார்கள்.

மனம் நோக ஒன்று சொல்கிறேன். பக்கத்து ஊர் நாகஸ்வரக் குடும்பம் ஒன்று, தங்கள் தாத்தா வாசித்த 78 தட்டு ஒன்று உங்களில் ஒருவரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டது. பேரப்பிள்ளை அதை ஒரே ஒரு முறை கேட்க வேண்டும் என்றார். தாத்தா வாசித்துப் பேரன் கேட்டதே இல்லை. “தட்டை வாங்குறதா இருந்தா வாங்க. சும்மா கேக்கறதுக்கெல்லாம் எடுக்க முடியாது” என்று பதில் வந்தது. சொன்ன விலை அந்தக் குடும்பத்தின் ஒரு முகூர்த்த மாதத்துச் சம்பாத்தியம். அந்த அன்பர் கெட்டவர் இல்லை. அந்தத் தட்டைக் குப்பையிலிருந்து காப்பாற்றியவர் அவர்தான். ஊர் ஊராகப் பழைய இரும்புக் கடைகளில் குனிந்து பொறுக்கி, வெயிலில் சுமந்து, சொந்தக் காசைக் கொட்டிய உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் காப்பாற்றியதைப் பூட்டி வைத்தால் அது எதற்காகக் காப்பாற்றப்பட்டது?

நகல் எடுத்தால் தட்டின் மதிப்புக் குறைந்துவிடும் என்ற பயம் உங்களில் பலருக்கு இருக்கிறது. வெளியே நடப்பதைப் பாருங்கள். இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற சிறு நிறுவனம் இளையராஜாவின் ஆரம்பகாலப் பாட்டுகளைத் தொகுத்து ‘சொல்லச் சொல்ல’ என்று தட்டாக வெளியிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டுகளின் பழைய தட்டுகளைத் தேடுகிறவர்கள் கூடினார்களே தவிரக் குறையவில்லை. மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தைப் பாருங்கள். ‘யங் இந்தியா’ என்ற மறைந்துபோன லேபிளின் தட்டுகளைச் சேகரிப்பாளர்களே ஒன்றுகூட்டி, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு எண்ணியல் ஆக்கினார்கள். நிறுவனமே இல்லாமல் போன பிறகும் அதன் பாட்டு கேட்கக் கிடைக்கிறது. தட்டுக்காரர்கள் மனம் வைத்ததால் நடந்தது அது.

சட்டத்தைக் காட்டியும் சிலர் பின்வாங்குகிறீர்கள். நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து அறுபது வருடம். 1964இல் வந்த தட்டின் ஒலிப்பதிவுரிமை 2024 முடிவோடு தீர்ந்துவிட்டது. மெட்டுக்கும் வரிக்கும் தனி உரிமை உண்டு. அது ஆக்கியவர் மறைந்த பிறகும் அறுபது வருடம் நீளும். உரிமை உள்ள பாட்டை யூடியூபில் ஏற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அது இளையராஜாவுக்கோ இன்னொருவருக்கோ செய்யும் துரோகம். பாதுகாப்பாக ஒரு பிரதி எடுத்து வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். உரிமை வைத்திருப்பவர் நாளை நல்ல பதிப்புக் கொண்டுவர முன்வந்தால், ‘இதோ சுத்தமான மூலம்’ என்று நீட்ட உங்களிடம் ஒன்று இருக்க வேண்டும். அதே சட்டத்தின் 57ஆவது பிரிவு, தன் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்க ஆக்கியவருக்கு உரிமை தருகிறது. சிதைத்திருக்கிறார்கள் என்று காட்ட, சிதையாத ஒன்று கையில் இருக்க வேண்டாமா?

நான் கேட்பது பெரிய காரியமில்லை. தட்டு உங்களுடையதாகவே இருக்கட்டும். அதில் நல்ல நிலையில் இருப்பதை ஒரு முறை ஒழுங்காகப் பதிந்து வையுங்கள். கழுவிவிட்டுப் பதியுங்கள். அரக்குத் தட்டில் ஸ்பிரிட் பட்டால் அரக்குக் கரைந்துவிடும், அதற்குத் தண்ணீர்தான். 78 தட்டின் பள்ளம் எல்.பி.யைவிட மூன்று மடங்கு அகலம், அதற்கான ஊசியைப் போடாமல் ஓட்டாதீர்கள். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். இரைச்சலை நீக்காதீர்கள், பேஸ் ஏற்றாதீர்கள், கரகரப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். துடைப்பதை எப்போது வேண்டுமானாலும் துடைக்கலாம், துடைத்துத் தொலைத்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது. லேபிளைப் படம் எடுங்கள். லேபிளை ஒட்டி வெற்றிடத்தில் பொறித்திருக்கும் எண்ணைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்து எழுதிவையுங்கள். ஒரு பாட்டுக்கு எந்தப் பதிவு முந்தியது, எது பிந்தியது என்று பிற்பாடு சொல்லப்போவது அந்த எண்தான். ஒரு பிரதியை உங்கள் வீட்டுக்கு வெளியே, சென்னை ரோஜா முத்தையா நூலகம் மாதிரி ஆராய்ச்சிக்கென்றே இருக்கும் ஓர் இடத்தில் கொடுத்து வைக்கப் பேசிப் பாருங்கள். உங்களுக்குப் பிறகு உங்கள் வீட்டார் அந்த அலமாரியை என்ன செய்வார்கள் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். எத்தனை சேகரிப்புகளை அப்படித்தானே நீங்களே எடைக்கு வாங்கினீர்கள்.

இன்னும் ஒன்று. மறுபதிப்புப் போடும் நிறுவனங்களிடம் ஒரே கேள்வியை விடாமல் கேளுங்கள்: எதிலிருந்து எடுத்தீர்கள்? மாஸ்டர் டேப்பா, அதன் நகலா, தட்டா, கேசட்டா? உறையில் அச்சிடச் சொல்லுங்கள். அமெரிக்காவில் மொபைல் ஃபிடிலிட்டி என்ற நிறுவனம், டேப்பிலிருந்து நேரே வெட்டியது என்று ரசிகர்கள் நம்பி வாங்கிய தட்டுகளை, நடுவே டிஜிட்டல் நகல் எடுத்துத் தயாரித்தது 2022இல் வெளிவந்தது. வருடக்கணக்காக அந்தத் தட்டுகளைக் காதால் கேட்டு மெச்சியவர்கள்தான் அவர்கள். ஆனாலும் கோபப்பட்டார்கள், வழக்குப் போட்டார்கள், நிறுவனம் பணிந்தது. மறைத்ததுதான் குற்றம். கேட்கும் கூட்டம் என்று ஒன்று இருந்தால் நிறுவனம் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். தமிழ்ப் பாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி உங்களைவிட யாருக்கு இருக்கிறது? முதல் பிரஸ்ஸிங் எப்படி ஒலித்தது என்று தெரிந்தவர்கள் நீங்கள். நீங்கள் “எல்லாம் ஏமாத்து” என்று ஒதுங்கிக்கொண்டால், நல்ல பதிப்பையும் கெட்ட பதிப்பையும் ஊருக்குப் பிரித்துச் சொல்ல ஆளில்லை.

கார்த்திகைத் தீபக் கூட்டம் ஓய்ந்தபின் வரும் தைப் பௌர்ணமிக்கு நீங்கள் வருவீர்கள். வரும்போது ஆளுக்கு ஒரு தட்டு கொண்டுவாருங்கள். உங்களிடம் இருப்பதில் வேறெங்கும் கிடைக்காது என்று நீங்கள் நினைப்பது எதுவோ, அது. படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்தி எடுத்துவாருங்கள். நீங்கள் மலை சுற்றித் திரும்பும்வரை எதையும் நான் தொடமாட்டேன், திரும்பிய பிறகு உங்கள் கண்ணெதிரேதான் உறையைப் பிரித்துப் பதிவேன். பதிவு உங்களுக்கு ஒன்று, நீங்கள் சம்மதித்தால் நூலகத்துக்கு ஒன்று. என்னிடம் ஒன்றும் நிற்காது. அந்த நாகஸ்வரக் குடும்பத்துப் பிள்ளையையும் அன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவர் தாத்தாவின் தட்டை வைத்திருக்கும் அன்பர் இதைப் படித்தால், தயவுசெய்து அதையே கொண்டுவாருங்கள். 78 தட்டு என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஊசியை மாற்றி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தேரடித் தெரு மைக்செட்காரன்,
திருவண்ணாமலை